ருசி பார்க்கும் பெட்டி

கிட்ட வந்து உட்காருங்க. அடுக்களைக்குக் கேட்கக் கூடாது.

டாக்டர் எனக்குச் சர்க்கரையை நிறுத்தினதிலிருந்து என் டீ வெறும் கறுப்பு வெந்நீர். எதிரே என் வீட்டுக்காரி டம்ளரை உதட்டில் வைத்து, கண்ணை மூடி உறிஞ்சுவாள். ஜன்னல் வெயில் ஆவியில் கரையும். அவள் டம்ளருக்குள் ஒரு கரும்புத் தோட்டமே அசைந்தாடுகிற மாதிரி இருக்கும் எனக்கு. நானும் அதற்குள்ளே நடந்து போய்க்கொண்டே இருப்பேன். "ஆறிப் போகுது, குடிங்க" என்பாள். தோட்டம் போய்விடும். கையில் கசப்பு.

அவள் மட்டும் இனிப்பாகக் குடிக்கிறாள். அதை நிரூபித்துவிட்டால் எனக்கும் அரை ஸ்பூன் கேட்கலாமே!

எங்கள் மகளுக்கு உணவைச் சோதிக்கிற லேபில் வேலை. அந்த லேபையே தீப்பெட்டிக்குள் சுருட்டி மடக்கின மாதிரி ஒரு கருவி கொண்டுவந்திருந்தாள். நுனியால் தொட்டால் போதும். சர்க்கரை இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. அவள் அசந்து தூங்கும்போது நைசாக எடுத்துக்கொண்டேன்.

டீ வந்தது. வீட்டுக்காரி அடுப்பை அணைக்கப் போனாள். என் டம்ளரில் தொட்டேன். பச்சை. நுனியைச் சட்டைப் பைக்குள் விட்டுத் துடைத்தேன். அவள் டம்ளரில் தொட்டேன். சிவப்பு!

"மாட்டிக்கிட்டியா!"

"என்னங்க?"

"உன் டீயில சர்க்கரை! மெஷினே சொல்லுது. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"நுனியைக் கழுவிட்டு இன்னொரு தடவை தொடுங்க."

கழுவித் தொட்டேன். பச்சை.

"உங்களுக்கு நிறுத்தின அன்னிக்கே நானும் நிறுத்திட்டேங்க."

இத்தனை நாளும் அவளும் வெறும் கசப்பைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தாளா? அப்படியே உருகி நின்றேன். அவள் உருகவில்லை.

"முதல்ல நுனியை எதுல துடைச்சீங்க?"

"சும்மா... காத்துல."

"காத்து இனிக்குமா? கொண்டாங்க இப்படி."

நுனியை என் சட்டைப் பைக்குள் விட்டாள். சிவப்பு. அதற்கு மேல் சிவக்க அந்தப் பெட்டிக்குத் தெரியவில்லை.

"வாக்கிங் வாக்கிங்னு மிட்டாய்க் கடைக்கா போறீங்க?"

"டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு? எங்கேன்னு சொல்லலையே!"

டீயை நிதானமாகக் குடித்து முடித்தாள். ஊசியில் நூல் கோத்தாள். என் சட்டைகளை மடியில் போட்டு, ஒன்று விடாமல் பையின் வாயைத் தைத்தாள்.

கடைசியாக, நான் போட்டிருந்த சட்டையைக் கழற்றக்கூடச் சொல்லாமல் கிட்ட வந்தாள். "அசையாதீங்க" என்று சொல்லி அதையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.