அச்சு அசல் எழுத்தாளர்

உலக இலக்கியத்தின் வரலாற்றை மடக்கு மேஜைக்கு முன், மடக்கு மேஜைக்குப் பின் என்று இரண்டாகப் பிரிப்பதே முறை. மேஜை வருவதற்கு முன்னால் எழுத்தாளன் எழுதினான். மற்றவர்கள் அச்சடித்தார்கள், விற்றார்கள், திட்டினார்கள். கண்காட்சிகளில் தன் புத்தகத்தைத் தானே பரப்பி விற்க அந்த மேஜை வந்த பிறகு அத்தனையையும் அவனே செய்துகொள்கிறான், திட்டுவது உட்பட. இப்படிப்பட்டவருக்கு 'சுதந்திர எழுத்தாளர்' என்று பெயர். பதிப்பாளரிடமிருந்து சுதந்திரம், விமர்சகரிடமிருந்து சுதந்திரம், புத்தகக் கடைக்காரரிடமிருந்து சுதந்திரம். கடுந்தவம் செய்த சிலர் வாசகரிடமிருந்தும் விடுதலை பெற்றுவிடுகிறார்கள்.

அந்த உயர்நிலையை எய்திய ஒருவரை அவர் மனைவி வீட்டார் 'சுயம்பு' என்று அழைத்தார்கள். யாரும் கேட்காமல் தானாகத் தோன்றியவர் என்ற பொருளில். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

சுயம்பு 'எட்டாம் கதவின் காவலன்' என்னும் மாயாஜாலப் பெருங்கதையை நான்கு பாகங்களாக எழுதியிருந்தார். முதல் ஏழு கதவுகளைத் தாண்டவே மூன்று பாகங்கள் ஆகிவிட்டன. அச்சான பிரதிகள் வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்கு மேலும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னாலும் குடியிருந்தன. அவற்றை நகர்த்தாமல் வீட்டைப் பெருக்க முடியாது. நகர்த்தினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அவர் மனைவி வாடிக்கையாளர் சேவை மையம் ஒன்றில் மேற்பார்வையாளர். நாள் முழுவதும் கோபக்காரர்களைத் தேன் குரலில் சமாதானப்படுத்துவது அவர் தொழில். வீட்டிலும் அந்தக் குரல்தான். அதனால் அவர் எப்போது கோபமாக இருக்கிறார் என்பதை சுயம்புவால் கண்டுபிடிக்கவே முடிந்ததில்லை.

"ஏங்க, உங்க பொறுமைக்கு நன்றி," என்றார் அவர், காரிலிருந்து பெட்டிகளை இறக்கும்போது. "இதுதான் கடைசி மாநாடு. நம்ம சொந்தக்காரங்க இல்லாத ஒரே ஒருத்தர் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறதை என் கண்ணால பாத்துட்டா, அப்புறம் நான் எதுவும் சொல்ல மாட்டேன். இல்லேன்னா எல்லாத்தையும் எடைக்குப் போட்டுடலாம். வேற ஏதாவது உதவி தேவையா?"

"தேவையில்லை," என்றார் சுயம்பு.

மாநாடு நடந்தது ஒரு கண்காட்சிக் கூடத்தில். அதற்கு முந்தைய வாரம் அங்கே குளியலறைச் சாதனங்களின் கண்காட்சி நடந்திருந்ததால், 'உங்கள் கனவுகளுக்கு ஏற்ற குழாய்கள்' என்ற பதாகை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் ரசிகர்கள், வீடியோ கேம் ரசிகர்கள், எதற்கு ரசிகர் என்று இனிமேல்தான் முடிவு செய்யவேண்டியவர்கள் எல்லோரும் தங்களுக்குப் பிடித்த பாத்திரங்களின் வேஷத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டிருந்தார்கள். நீல முடி, பச்சை முடி, முழங்கால்வரை இளஞ்சிவப்பு முடி. நுழைவாயிலில் 'இறக்கை உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி வரவும்' என்று ஒரு அறிவிப்பு. ஒழுங்குக் குழுவினர் ஒவ்வொரு வாளையும் அளவு நாடாவால் அளந்து, நீளமான வாள்களுக்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

சுயம்புவின் மேஜைக்கு வலப்பக்கம் ஸ்பாஞ்ச் வாள் விற்பவர். அவர் மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது.

"இது வெட்டாதே?" என்று கேட்டார் சுயம்பு, மரியாதைக்கு ஒரு பேச்சாக.

"வெட்டாது சார். அதனாலதான் விக்குது," என்றார் வாள்காரர். "வெட்டுற வாளை யார் வாங்குவா? உங்க புத்தகத்தையும் படிக்க முடியாத மாதிரி செஞ்சு பாருங்களேன்."

காலையில் 'சுதந்திர எழுத்தாளர்களுக்கான பயிலரங்கு' ஒன்று நடந்தது. ஒரு புத்தகமும் எழுதாமலேயே புத்தகம் விற்பது எப்படி என்பதில் கரைகண்ட நிபுணர் ஒருவர் அதை நடத்தினார். "புத்தகத்தை விக்காதீங்க. உங்களை வித்துக்குங்க!" என்று அவர் முழங்கினார். சுயம்பு அதைக் கேட்டு மேஜைக்குத் திரும்பி, தன்னை விற்கும் பாவனையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

தலையில் பூனைக் காது வைத்த இளைஞர் ஒருவர் வந்து நின்றார்.

"இது என்ன கேம் சார்?"

"கேம் இல்லைங்க. புத்தகம்."

"சரி, எந்த கேமோட புத்தகம்?"

"புத்தகத்தோட புத்தகம்தான். நானே எழுதினது."

"அனிமே வந்துடுச்சா?"

"இன்னும் இல்லை."

"வந்ததும் சொல்லுங்க சார். நான் அனிமேயைப் பாத்துட்டு, 'என்ன இருந்தாலும் புத்தகம் மாதிரி வராது'ன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன்."

இவ்வளவு பெரிய மனதை இலக்கிய உலகம் வேறெங்கும் கண்டதில்லை. சுயம்பு நன்றி சொன்னார். மனைவி தண்ணீர் புட்டியை நீட்டினார்.

மதியத்துக்குள் சுயம்புவின் தோள்கள் இறங்கிவிட்டன. முழங்கையில் கிழிந்த ஸ்வெட்டரில், பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, புத்தக அடுக்குக்குப் பின்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் பச்சை முடிப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்து, கூரையே அதிரும்படி அலறினாள்.

"அய்யோ! சோக சார்!"

சுயம்பு பின்னால் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

அந்த வருடம் உலகையே ஆட்டிவைத்த அனிமே தொடர் ஒன்றில் 'சோக சார்' என்று ஒரு துணைப் பாத்திரம் உண்டாம். புத்தகம் எழுதி, விற்காமல், ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு பகுதியிலும் அரக்கர்கள் சண்டை போட்டுக்கொண்டே வந்து அந்த மேஜையை உடைப்பார்கள். மக்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இதையெல்லாம் அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அதற்குள் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அந்த முழங்கைக் கிழிசலைக்கூட விடலை பாருங்கடி!"

"அது கதவுல மாட்டிக் கிழிஞ்சதும்மா," என்றார் சுயம்பு.

"குரல்கூட அப்படியே! சார், முகத்துல அந்த விரக்தியை எப்படிக் கொண்டுவந்தீங்க? மேக்கப்பா?"

"இல்லம்மா," என்றார் மனைவி தேன் குரலில். "பல வருஷ உழைப்பு."

கேமராக்கள் மின்னின. இவ்வளவு பேர் தன் மேஜைக்கு முன்னால் நின்று சுயம்பு பார்த்ததே இல்லை. எழுந்து நின்று, ஒரு பிரதியை இரண்டு கையாலும் நீட்டி, உள்ளத்தின் அடியாழத்திலிருந்து கேட்டார்:

"ஒரு பக்கமாவது படிச்சுப் பாருங்களேன்!"

கூடம் வெடித்தது. கைதட்டல், விசில். சோக சார் ஒவ்வொரு பகுதியிலும் சொல்லும் புகழ்பெற்ற வசனம் அதுதானாம்.

"ஒன்ஸ் மோர்!"

"நான் நிஜமாத்தான் கேக்கறேன்," என்றார் சுயம்பு, கண்ணில் நீர் தளும்ப.

"நடிப்பைப் பாருடா! கண்ணீர் தானா வருது!"

அவரை அப்படியே தூக்கிக்கொண்டு வேஷப் போட்டி மேடைக்குப் போனார்கள். புத்தகங்களையும் ஆளுக்கு இரண்டாகச் சுமந்து வந்தார்கள், வேஷத்தின் பகுதி என்று நினைத்து. மனைவி ஸ்வெட்டரை இழுத்துவிட ஓடிவந்தார். 'தயவுசெஞ்சு கலைச்சுடாதீங்க ஆன்ட்டி' என்று நாலு பேர் தடுத்தார்கள்.

மேடையில் ஏற்கெனவே இன்னொரு சோக சார் நின்றிருந்தார். அவர் உடற்பயிற்சிக் கூடம் ஒன்றின் பயிற்சியாளர். இந்த வேஷத்துக்காகவே மாதக்கணக்கில் பட்டினி கிடந்து தோளைச் சுருக்கியிருந்தார். கையிலிருந்த புத்தகக் கட்டு தெர்மோகோல். அவர் சுயம்புவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "நல்லா பண்ணியிருக்கீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று பொறாமையோடு கேட்டார்.

நடுவர்களாக ஒரு விக் தயாரிப்பாளரும், ஊர் ஊராக கேம் ஆடிக் காட்டும் பிரபலம் ஒருவரும், நடுவில் மாநாட்டுத் தலைவரும் வீற்றிருந்தார்கள். தலைவர் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டைக்கு மேல் ஊதா நிற மேலங்கி அணிந்து, கையில் ஒலிபெருக்கியை ஏந்தியிருந்தார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் அதையே பயன்படுத்தினார்.

"இந்தப் புத்தகமெல்லாம் நீங்களே செஞ்சதா?" என்று கேட்டார் விக் தயாரிப்பாளர்.

"நானே எழுதினது."

அவர் ஒன்றைப் புரட்டினார். திகைத்தார். "உள்ளேயும் எழுதியிருக்கே! எல்லாப் பக்கத்திலேயுமா?"

"எல்லாப் பக்கத்திலேயும்."

"யாரும் பிரிச்சுப் பாக்கப் போறதில்லை. அதுக்கு இவ்வளவு வேலையா!" அவர் எழுந்து நின்று கைதட்டினார். கூடமே எழுந்து நின்றது. அச்சு அசல் எழுத்தாளர் என்று தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

முடிவு வந்தது. முதல் பரிசு உடற்பயிற்சியாளருக்கு. சுயம்புவுக்கு இரண்டாம் பரிசு, தோளில் ஒரு ஜிகினாப் பட்டை.

"மனசு தளராதீங்க," என்று தனியாக அழைத்துச் சொன்னார் கேம் பிரபலம். "உடை, குரல், கூன் எல்லாம் கச்சிதம். ஆனா உங்க கண்ணுல கடைசிவரைக்கும் ஒரு சின்ன நம்பிக்கை தெரிஞ்சுட்டே இருந்துது. எழுத்தாளருக்கு அது பொருந்தலை."

இதன் பிறகு நடந்தது வணிக வரலாறு. சோக சார் ரசிகர்கள் எல்லோருக்கும் கையில் பிடித்துக்கொள்ள அதே மாதிரிப் புத்தகம் வேண்டியிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ஒருவர், "வெறும் அட்டை மட்டும் கிடைக்குமா? இது கனமா இருக்கு," என்றார். இன்னொருவர் நாலாம் பாகத்தை வாங்கி, அதன் நடுவைக் குடைந்து போன் வைக்க இடம் செய்துகொண்டார். வாள்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "நான் சொன்னேன்ல சார்?" என்றார்.

"எல்லாம் தீந்துடுச்சு," என்றார் மனைவி, காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்து. அவர் குரலில் தேன் இல்லை. சாதாரணக் குரல். "ஆனா யாரும் பிரிக்கலைங்க."

"பாத்தேன்," என்றார் சுயம்பு. ஜிகினாப் பட்டை கழுத்தில் அரித்தது. மனைவி கை நீட்டி அதைச் சரிசெய்தார்.

சாயங்காலம் வெற்றி ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் பரிசு பெற்றவர்கள். பின்னால் துணியால் செய்த ஒரு பிரம்மாண்டமான டிராகன். அதை இயக்கியவர்கள் அண்ணன் தங்கை இருவர். அண்ணன் தலை, தங்கை வால். புகைப்படங்கள் எல்லாம் தலைக்குத்தான். வாலுக்கு நாள் முழுவதும் அண்ணனின் பெல்ட்டைத் தவிர வேறு காட்சி கிடையாது. அண்ணன் வாங்கிய புத்தகத்தைச் சுமந்து வரும் பொறுப்பும் வாலைச் சேர்ந்தது.

கூடத்தின் வாசலில் தலை வெளியே போய்விட்டது. வால் வரவில்லை. டிராகனின் வயிறு நீண்டுகொண்டே போய், ஒரு இடத்தில் தையல் விட்டுப் போயிற்று.

"ஏய்! வாடி!" என்றது தலை.

"இரு அண்ணா. காவலன் சாவியை முழுங்கிட்டான்," என்றது வால்.

சுயம்பு நின்றுவிட்டார். முதல் பாகம், கோட்டை வாசல் காட்சி. அந்தச் சாவியை அவரே பல தடவை முழுங்கவைத்து, வேண்டாமென்று வெளியே எடுத்து, மறுபடி முழுங்கவைத்திருந்தார். மெல்லப் பின்னால் நடந்து வாலுக்குப் பக்கத்தில் குனிந்தார். துணிக்குள்ளே போன் வெளிச்சம். அதற்கு முன்னால் ஒரு பக்கம் திரும்பும் சத்தம்.

"ஏம்மா, எந்த அத்தியாயம்—"

"கொஞ்சம் பேசாம இருங்க சார். படிச்சுட்டிருக்கேன்ல?"

வாழ்நாளில் யாரும் அவரை இவ்வளவு இனிமையாக அதட்டியதில்லை. நிமிர்ந்தார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கண்கள் மட்டும் விரிந்து. "என் கண்ணால பாக்க முடியலை, துணி மறைக்குது," என்று கிசுகிசுத்தார். "பரவாயில்லைங்க. காதால கேட்டதே போதும்."

அதற்குள் ஊதா மேலங்கி பறக்கத் தலைவர் வந்துவிட்டார். "என்ன தாமதம்?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார்.

"வால் புத்தகம் படிக்குதுங்க," என்றது தலை, அவமானத்தோடு.

தலைவருக்கு முதலில் விளங்கவில்லை. வாள் நீளம், இறக்கை அகலம் எல்லாவற்றுக்கும் விதி வைத்திருந்தவர், இப்படி ஒன்று நடக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. சுயம்புவின் தோளில் கை போட்டார்.

"சார், நீங்க சொன்னா கேப்பாங்க. ஒரு வார்த்தை சொல்லுங்க. அடுத்த மாநாட்டுக்கு நீங்கதான் சிறப்பு விருந்தினர். 'எழுத்தாளர் பெருவிழா'ன்னே பேர் வைக்கிறோம். உங்களுக்கு ஆளுயரச் சிலை, ஸ்பாஞ்சுல."

சுயம்பு கூட்டத்தைப் பார்த்தார். எல்லோர் கையிலும் அவர் புத்தகம் இருந்தது. பிறகு வாலைப் பார்த்தார். உள்ளே இன்னொரு பக்கம் திரும்பியது. அவர் ஜிகினாப் பட்டையைக் கழற்றித் தலைவரின் கையில் கொடுத்தார்.

"அந்த அத்தியாயம் முடியட்டும் சார். நீங்க ஊர்வலத்தை நடத்துங்க. நாங்க இருக்கோம்."

தலைவரின் முகம் மேலங்கியின் நிறத்துக்கு வந்தது. ஒலிபெருக்கியை உயர்த்தினார். கூடம் முழுவதும் கேட்டது:

"அனைவரும் கவனிக்கவும்! இது எழுத்தாளர்களைக் கொண்டாடற இடம்! இங்க யாராவது படிக்கிறதா இருந்தா, தயவுசெஞ்சு வெளியே போயிடுங்க!"