இரண்டு கார்டு போடுகிற கேமரா

ஓமானில், நிஸ்வா நகராட்சியில் மனை வரைபடப் பிரிவில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கும் கல்ஃபான் பின் ராஷித், ஊரில் மரியாதைக்குரிய மனிதர். இரண்டு பங்காளிகளுக்குள் பேரீச்சந்தோப்புத் தகராறு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வருவார், காபி குடிப்பார், தாடியைத் தடவுவார், "எல்லை இங்கே" என்பார். அதற்கு மேல் அங்கே பேச்சு கிடையாது. அப்பேர்ப்பட்டவரால் சொந்த வீட்டுக்குள் மட்டும் ஒரு எல்லைக்கல் நட முடியவில்லை.

மனைவி ரய்யா சண்டைக்காரி இல்லை. குரலை உயர்த்துகிறவளும் இல்லை. ஆனால் வாசல் கதவுக்கு என்ன நிறம், மகன் ஹிலால் மஸ்கட்டில் என்ன படிப்பது, ஏசியை எந்தச் சுவரில் மாட்டுவது, எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்திருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கடைசியில் அவள் சொன்னதே சரியாகவும் போய்விடும். மனுஷனுக்கு அதுதான் தாங்கவில்லை.

நீங்க சொன்னதுதான் சரி. மூன்றே மூன்று வார்த்தை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை. மௌத்தாவதற்குள் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று கல்ஃபான் ஏங்கினார். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஏக்கத்துக்கு ஒரு வழி ரஜப் மாதத்தில் பிறந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் வெளிநாட்டுக்காரர்கள் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு நம் ஆடுகளைப் படம் எடுப்பதை அவர் வெகுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர் ஆட்டை நாமே எடுத்தால் என்ன? தீர்மானம் ஆகிவிட்டது. கேமரா வாங்க வேண்டும். எந்தக் கேமரா என்பதுதான் பாக்கி.

நெடுஞ்சாலைக் கடைக்காரன் இரண்டு வைத்திருந்தான். ஒன்று புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு. கைக்கு அடக்கம், எடை குறைவு, லென்ஸும் கூடவே வரும். இன்னொன்று தொழில் தெரிந்தவர்களுக்கு. கழுத்தில் மாட்டினால் கழுத்து முன்னால் வரும். விலை நாலு மடங்கு. கல்ஃபான் இரண்டின் விவரப் புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, விருந்தினர் உட்காரும் மஜ்லிஸில் விரித்து வைத்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"ரய்யா, இதைப் பாரு. நீ எதை வாங்கலாம்கிற?"

ரய்யா இரண்டையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"சின்னது போதும்."

கல்ஃபானின் மனம் குளிர்ந்தது. அப்படியானால் பெரியதுதான்.

"ஏன் சின்னது?"

"ஆட்டுக்கு எதுக்கு அபூ ஹிலால் பெருசு? ஆடு என்ன கண்ணாடியில பாத்துக்கவா போகுது?" ஊர் வழக்கப்படி ஹிலாலின் அப்பா என்றுதான் அவரைக் கூப்பிடுவாள்.

"அப்படி இல்ல ரய்யா. அறிவியல் இருக்கு. உக்காரு."

உட்கார்ந்தாள். பாடம் ஆரம்பமானது. ரஜப் போய், ஷாபான் போய், நோன்பு வந்தும் பாடம் ஓயவில்லை. அஸர் தொழுகைக்கும் அந்தி மக்ரிபுக்கும் நடுவில், வயிறு காய்ந்து கிடக்கும் நேரத்தில், கல்ஃபான் லென்ஸின் துவாரத்தையும் ஷட்டரின் வேகத்தையும் விளக்கினார். ரய்யா சம்பூசா பலகாரம் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"பெருசுல அப்படி என்ன விசேஷம்?"

"மங்கல் வெளிச்சத்துல ஃபிளாஷ் இல்லாம எடுக்கும். தெளிவா இருக்கும்."

"சின்னது எடுக்காதா?"

"எடுக்கும். எறும்பு மொய்ச்ச மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும்."

"ம்ம். பச்சைப் பட்டும் தங்கமும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நிறம் மாறாம விழுமா?"

"ஆட்டுச் சந்தையில பட்டுக்கும் தங்கத்துக்கும் என்ன வேலை?"

"சும்மா கேட்டேன். விழுமா, விழாதா?"

"விழும். அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு." அது எங்கே இருக்கிறது என்பதையும் படத்தில் காட்டினார். "இன்னொண்ணு கேளு. பெருசுல ரெண்டு மெமரி கார்டு போடலாம்."

"ரெண்டு எதுக்கு? ஒரு கேமராவுக்கு ஒரு கார்டு போதாதா?"

"ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு இருக்கும். வேணும்னா ஒண்ணுல ஒரு விஷயம், இன்னொண்ணுல வேற விஷயம்னு பிரிச்சும் வெச்சுக்கலாம்."

ரய்யா சம்பூசாவைக் கீழே வைத்துவிட்டு, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்ததும் வழக்கம்போலச் சொன்னாள்: "நீங்க என்னதான் சொன்னாலும் எனக்குச் சின்னதுதான் சரின்னு படுது."

அவள் எவ்வளவு மறுத்தாளோ அவருக்கு அவ்வளவு பிடிவாதம் ஏறியது. பிடித்த முயலுக்கு மூன்றே கால். பெருநாள் கழிந்த மறுவாரம், ஷவ்வால் மாதத்தில், கல்ஃபான் ஆண்பிள்ளையாகக் கடைக்குள் நுழைந்து பெரியதை வாங்கிக்கொண்டு வந்தார். ரய்யா பெட்டியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"உங்க இஷ்டம்" என்றாள்.

முதல் வெற்றி என்று கல்ஃபான் எண்ணினார். சாப்பாடு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் சந்தைக்குப் போனார். புதுச் சலவை திஷ்தாஷா அங்கி, பூத்தையல் போட்ட தொப்பி, கழுத்தில் கேமரா. வட்டமாகச் சனம் உட்கார்ந்திருக்க, நடுவில் வியாபாரிகள் ஆடுகளை இழுத்துக்கொண்டு விலை கூவி நடந்தார்கள். ஒரு கையில் காபிக் கோப்பையோடு கல்ஃபான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மலையிலிருந்து வந்த ஹுமைத் ஒரு வெள்ளைக் கிடாயை இழுத்து வந்தார். என்ன கிடா. கழுத்தே ஒரு முழம் இருக்கும். கல்ஃபான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் உட்கார்ந்தார். துவாரம் சரி, வேகம் சரி, வெளிச்சம் சரி. மூன்று மாதப் பாடமும் விரல் நுனிக்கு வந்தது.

"அடேயப்பா, என்ன கிடாடா இது" என்று வாய்விட்டுச் சொல்லி, பொத்தானை அழுத்தினார்.

எல்லாவற்றையும் நினைவு வைத்திருந்தவர் ஒன்றை மறந்துவிட்டார். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ்வைச் சொல்லவில்லை.

கிடா இரண்டடி வைத்தது. முன்னங்கால் மடங்கியது. அப்படியே படுத்துவிட்டது.

ஹுமைத் கிடாயைப் பார்த்தார். பிறகு கல்ஃபானைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ் சொன்னியா?"

"மனசுல சொன்னேன்."

"மனசுல சொன்னது கிடாய்க்கு எப்படிக் கேக்கும்?"

"ஹுமைத், அது கல் தடுக்கி விழுந்திருக்கும். அறிவியல்படி பாத்தா..."

பக்கத்திலிருந்த ஒரு கிழவர் லென்ஸை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. மனுசக் கண்ணுக்கே ஆடு படுக்கும். இவ்வளவு பெரிய கண்ணை வெச்சுப் பாத்தா ஒட்டகமே படுக்குமே."

அதற்குள் யாரோ கல்ஃபான் குடித்து மிச்சம் வைத்த காபியை எடுத்து வந்துவிட்டார்கள். கண் வைத்தவனின் எச்சில்தான் அதற்கு மருந்து. ஹுமைத் அந்தக் காபியைத் தொட்டுக் கிடாயின் நெற்றியில் பூசினார். கிடா எழுந்தது. உடம்பை உதறியது. நேராக நடந்தது.

அது எழுந்திருக்காமல் இருந்திருந்தால் கல்ஃபான் தப்பியிருப்பார். எழுந்து தொலைத்ததே, அதற்கு மேல் என்ன வாதாடுவது?

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அண்ணன் மகன் புது வண்டி வாங்கினான். கல்ஃபான் வருகிறார் என்றால் அதைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். எதிர்வீட்டுப் பெண் அவரைக் கண்டால் கைக்குழந்தையின் முகத்தை மூடினாள். தோப்புத் தகராறு ஒன்று வந்தது. அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் எல்லை சொன்னால் அந்த வருஷம் பேரீச்சை காய்க்காது என்று பேச்சு. அதுதான் அவரைச் சுட்டது. மஜ்லிஸில் தனியாக உட்கார்ந்து, தனக்குத் தானே காபி ஊற்றிக்கொண்டார்.

"சின்னதா இருந்தா யாரும் கவனிச்சிருக்கவே மாட்டாங்க" என்றாள் ரய்யா.

இந்தத் தடவையும் அவள் சொன்னதே சரியாகிவிட்டது. கேமரா அலமாரிக்குள் போனது.

பத்து நாள் கழித்து ரய்யா மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா நஸ்ராவோட பொண்ணு அஸீலாவுக்கு வியாழக்கிழமை மருதாணி. பொம்பளைங்க மண்டபத்துல வாசல்லயே ஃபோனை எல்லாம் பையில போட்டு வாங்கி வெச்சுருவாங்க. படம்னா ஒரு பொம்பளை உள்ள வந்து எடுத்தாத்தான் உண்டு. அலமாரியில சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துட்டுப் போகவா?"

"அது உனக்குச் சரிப்படாது ரய்யா. தொழில்காரங்க கேமரா. துவாரம் இருக்கு, வேகம் இருக்கு..."

ரய்யா அலமாரியைத் திறந்தாள். "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிக் கேமராவை எடுத்தாள். கண்ணால் பார்க்காமலே இரண்டு சக்கரத்தைத் திருகி, ஒரு பொத்தானை அழுத்தி, ஜன்னல் திரையை ஒரு படம் எடுத்து அவரிடம் நீட்டினாள். பச்சைத் திரை பச்சையாக, அதன் தங்க ஓரம் தங்கமாக விழுந்திருந்தது.

"இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"நீங்கதான். மூணு மாசம் பாடம் நடத்தினீங்களே."

மருதாணி முடிந்து மறுநாள் கல்ஃபான் ஆசையாகக் கையை நீட்டினார்.

"குடு, எப்படி விழுந்திருக்குன்னு பாக்கறேன்."

"எப்படிக் குடுக்கறது? உள்ள எல்லாம் பொம்பளைங்க. தலையில துணி இல்லாம இருப்பாங்க."

"என் கேமரா ரய்யா."

"கேமரா உங்களுது. அந்தப் பொம்பளைங்க உங்களுக்கு யாரு?"

மார்க்கமும் அவள் பக்கம், அறிவியலும் அவள் பக்கம். ரய்யா கார்டைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

அதன் பிறகு வாரம் ஒரு கல்யாணம். சில வாரம் இரண்டு. கல்ஃபானின் வேலை, மனைவியையும் கேமராவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் மண்டபத்தில் இறக்கிவிட்டு, வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பது. கூட்டிவந்த ஆண்கள் எல்லாருக்கும் அதுதான் வேலை. பக்கத்து ஊர் பஹ்லாவில் ஒரு கல்யாணத்தன்று, மணப்பெண்ணின் தாய்மாமன் தாலிப் ஒரு தட்டு அல்வாவோடு வந்து வண்டிக்குள் ஏறிக்கொண்டார்.

"உங்க வீட்டம்மா கிடைச்சது எங்க அதிர்ஷ்டம். நல்லவேளை, முன்னாடியே பேசி வெச்சோம்."

"எப்ப பேசினீங்க?"

"ஷாபான்ல. நோன்புக்கு முன்னாடியே."

கல்ஃபானின் கையில் அல்வா நின்றது.

"நான் கேமரா வாங்கினதே ஷவ்வால்லதானே?"

"ஆமா. வாங்கிடுவாருன்னு சொன்னாங்களாம். பெருசுதான் வாங்குவாருன்னும் சொன்னாங்களாம்." தாலிப் அல்வாவை வாயில் போட்டுக்கொண்டார். "உங்க வீட்டுல உங்க பேச்சுக்கு என்ன ஒரு உறுதி பாருங்க."

தாலிப் இறங்கிப் போனார். கல்ஃபான் நடந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பச்சைப் பட்டு. தங்கம். இரண்டு கார்டு. உங்க இஷ்டம். கோபம் வந்தது. வரட்டும் அவள், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று இருக்கையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். அல்வாவும் அலுப்பும் சேர்ந்து, மக்ரிப் பாங்கு சொல்வதற்கு முன்பே தூங்கிப்போனார். அன்று கேட்க முடியவில்லை.

மறுநாள் காலை காபியும் பேரீச்சம்பழமும் வைத்தபோதுதான் கேட்டார்.

"ரய்யா, உனக்குப் பெருசுதான் வேணும்னா, ஏன் சின்னது சின்னதுன்னு சொன்னே?"

ரய்யா மறைக்கவில்லை. கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:

"பெருசு வேணும்னு நான் சொல்லியிருந்தா, நீங்க எதை வாங்கியிருப்பீங்க?"

கல்ஃபான் நேர்மையானவர். எல்லைத் தகராறில் தனக்குப் பாதகமானதையும் சொல்லிப் பழகியவர். தாடியைத் தடவி நன்றாக யோசித்தார்.

"சின்னதை" என்றார்.

"பாத்தீங்களா? எனக்கு இருவது வருஷமா இந்த வேலை மேல ஆசை அபூ ஹிலால். கேட்டா நீங்க யோசிப்பீங்க. யோசிச்சா நாள் போயிரும்." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீங்க அவ்வளவு பொறுமையா சொல்லிக் குடுக்கலேன்னா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

அதைக் கேட்டதும் கல்ஃபானின் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர் பழத்தின் கொட்டையைத் தட்டில் வைத்துவிட்டு இன்னொரு பழம் எடுத்தார்.

ரய்யா எழுந்துபோய்க் கேமராவைக் கொண்டுவந்தாள்.

"ரெண்டாவது கார்டை உங்களுக்குன்னு பிரிச்சு வெச்சுட்டேன். இதுல பொம்பளைங்க யாரும் இல்ல. நீங்க தாராளமாப் பாக்கலாம்."

அவர் வாங்கிய கேமராவில் அவர் பார்க்க அனுமதியுள்ள படம் ஒன்றே ஒன்று இருந்தது. பேட்டரி எடுக்க மக்ரிப் நேரத்தில் அவள் வண்டிக்கு வந்தபோது எடுத்தது. சாய்ந்த இருக்கை. தொப்பி மூக்கின் மேல். தாடியில் அல்வா. வாய் பிளந்திருந்தது, கடைவாய்ப் பல்லில் வைத்தியர் அடைத்த வெள்ளி வரைக்கும் தெரிந்தது. ஃபிளாஷ் போடவில்லை. ஒரு புள்ளி இல்லை.

கல்ஃபான் வெகுநேரம் பார்த்தார். ரய்யாவும் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சின்னக் கேமராவா இருந்தா அந்த மங்கல்ல இவ்வளவு தெளிவா விழுந்திருக்காது" என்றாள். "நீங்க சொன்னதுதான் சரி."