குறை கண்டால் அழைக்கவும்

சர்ச்சுக்குள் சாந்தமாக இருப்பது பெரிய காரியமே இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி ஓடும். யாரும் குறுக்கே வண்டியை நுழைக்க மாட்டார்கள். அங்கே என்னைப் பார்ப்பவர்கள், இவளுக்குக் கோபம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சத்தியம் செய்வார்கள். என் தொல்லையெல்லாம் வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியைத் திருகிய பிறகுதான் ஆரம்பிக்கும்.

நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தவள் நான். இவர் (என் கணவர் ஜெபராஜ்தான், நான் பெயர் சொன்னதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்) பஜாரில் ஒரு மிளகு கிடங்கில் சூப்பர்வைசர். எனக்கு ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு வேலை. வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியதாலோ என்னவோ, என் வாய் மூடவே மூடாது.

எங்கள் தமிழ்ச் சபையின் பெண்கள் கூட்டத்தில் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாதிரியும் மற்ற நாட்களில் வேறு மாதிரியும் வாழக் கூடாது என்று பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். எனக்கு மட்டும் ஆவேசம் வந்துவிட்டது. கூரியர் வேன்களுக்குப் பின்னால், டிரைவரைப் பற்றிப் புகார் சொல்ல ஒரு நம்பர் எழுதியிருக்குமே, அதேபோல நாமும் நம் வண்டிகளில் ஒட்டினால் என்ன என்று கேட்டேன். அருமையான யோசனை என்றார்கள். ஒருத்தியும் ஒட்டவில்லை. நான் ஒட்டினேன்.

“இதை ஓட்டுபவர் இயேசுவின் பிள்ளை. நடத்தையில் குறை கண்டால் அழைக்கவும்.” மலையாளத்தில் பெரிதாக, தமிழில் சிறிதாக, கீழே இவருடைய நம்பர். வேலை நேரத்தில் என் போன் லாக்கரில் இருக்கும் என்பது ஒரு காரணம். வராத புகாருக்கு யார் நம்பராக இருந்தால் என்ன என்பது இன்னொன்று. (அப்படியொரு தன்னம்பிக்கை!)

அந்த வாரச் சனிக்கிழமை, அக்கரையில் வைப்பின் தீவில், எங்கள் சபை ரோஸ்லி சேச்சி வீட்டில் ஜெபக்கூட்டம். முதல்முறையாக என்னைப் பிரசங்கச் செய்தி கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, சாந்தகுணம். சாந்தகுணத்துக்கு எந்தச் சேலை பொருந்தும் என்று பீரோவைப் புரட்டியதிலேயே நேரம் போய்விட்டது. ஃபோர்ட் கொச்சி ஜெட்டிக்கு வந்து பார்த்தால், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிப் போகும் ஜங்காருக்குப் பெரிய வரிசை. நான் ஓரமாகவே ஊர்ந்து போய் முன்னால் மூக்கை நுழைத்தேன். பின் சீட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கட்டிவைத்திருந்த ஒரு சேட்டன் திரும்பிப் பார்த்தார்.

“சேச்சி, க்யூ உண்டு.”

“பிரேயருக்குப் போறேன் சேட்டா. அர்ஜென்ட்.”

“இவிடே எல்லார்க்கும் அர்ஜென்டாணு.”

அவ்வளவுதான். அவர் நாற்காலிகள் வழியை அடைப்பதில் தொடங்கி, அவருடைய ஹெல்மெட், மீசை, மொத்தக் கொச்சியின் போக்குவரத்து ஒழுங்கு என்று விரிவாகப் பேசினேன். பாதியில் என் மலையாளம் தீர்ந்துபோனது. நாகர்கோவில் தமிழுக்கு மாறினேன். அது தீராது.

சேட்டன் வண்டியை ஸ்டாண்டில் போட்டார். இறங்கிவந்து என் வண்டியின் பின்பக்கம் நின்று, ஒட்டியிருந்ததை நிறுத்தி நிதானமாக உரக்க வாசித்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

“ஸ்தோத்திரம், சொல்லுங்க” என்றது நான் தினமும் கேட்கும் குரல்.

சேட்டன் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். கடைசியில், “சேட்டா, இவங்க எப்பவும் இப்படியா?” என்று கேட்டார், இவருக்குப் புரியவேண்டுமென்று தமிழில். இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க என்று மனதுக்குள் மன்றாடினேன். (அன்றைய ஜெபங்களில் அதுதான் மிக உருக்கமானது.)

இவர் யோசித்தார். மிளகை நிறுக்கிற மாதிரி நிறுத்துப் பார்த்துத்தான் எதையும் சொல்வார்.

“பொய் சொல்லக் கூடாதுல்லா சேட்டா. வீட்டுல இதைவிடக் கொஞ்சம் கூடுதல். வெளிய அவ ரொம்ப அடக்கமாக்கும்.”

ஜெட்டியே சிரித்தது. டிக்கெட் கொடுப்பவர் சிரித்தார். மடியில் மீன்கூடையோடு ஆட்டோவில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் வண்டியைத் திருப்பி வரிசையின் கடைசிக்குப் போனேன். சேட்டனையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு ஜங்கார் கிளம்பிவிட்டது. வெயிலில் நிற்க நிற்க, அந்த ‘அடக்கமாக்கும்’ திரும்பத் திரும்பக் காதில் விழுந்து எனக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூடிய ஹெல்மெட்டுக்குள் சிரித்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும் என்று அன்றுதான் தெரிந்தது.

ரோஸ்லி சேச்சி வீட்டு முற்றத்தில் நுழைந்தால், அதே சேட்டன் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு பாபு சேட்டனாம். கூட்டத்துக்கு நாற்காலி குறைகிறதென்று கொண்டுவந்து கொடுத்த புண்ணியவானாம். அவர் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன்.

நான் எழுந்து நின்று, “சாந்தகுணம் என்பது” என்று ஆரம்பித்தேன். முன்வரிசையில் பாபு சேட்டன் கையைக் கட்டிக்கொண்டு, நல்ல மாணவனைப்போல என்னையே பார்த்தார். அதற்குமேல் வாக்கியம் நகரவில்லை. குறிப்புத்தாளை மடித்துவிட்டு, ஜெட்டியில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். ரோஸ்லி சேச்சி சிரித்த சிரிப்பில் மைக்கே விழுந்தது. எல்லோரும் அடங்கியதும் பாபு சேட்டன் மெதுவாக, “பின்னே சேச்சி க்யூவின்டே கடைசிக்குப் போயி. அது ஞான் கண்டதாணு” என்றார், நான் கடைசியில் போய் நின்றதற்குத் தானே சாட்சி என்பதுபோல. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, ஒரே ஒரு பொய் சொன்னால் குறைந்தா போவீர்கள் என்று இவரைப் பிடித்துக்கொண்டேன். “பொய் சொல்ற ஆளோட நம்பரை ஒட்டியிருக்கணும்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்து வந்த மழைக்காலம் அந்த வாசகத்தை உரித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பாபு சேட்டனின் போனில் இவர் நம்பரும், இவர் போனில் அவர் நம்பரும் நிலைத்துவிட்டன. போன வாரம் குக்கர் விசில் அடிக்க மறுத்தது என்று அடுக்களையில் நான் குரலை உயர்த்தினேன். இவர் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“எந்தா ஜெபராஜே, சேச்சி இன்னைக்கும் க்யூவில் நுழைஞ்சோ?”

“இல்ல சேட்டா, இது வீட்டு விஷயம். நீங்களே கேளுங்க” என்று போனை என் பக்கம் நீட்டினார்.

நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் குரலில் சொன்னேன்: “ஸ்தோத்திரம், சேட்டா.”