ராகம் போட்டவர்களின் பெஞ்சு

எங்கள் பெஞ்சு சாரைப் போல ஒரு காலிப் பெஞ்சைக் காவல் காத்த மனுஷனை இந்த உலகம் கண்டிருக்காது. தக்கலை வட்டாரம் நிச்சயமாகக் கண்டதில்லை. அவர் எங்கள் சபையின் ஆர்கனிஸ்ட், அதாவது ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பவர். இளசுகள் முதல் போதகர் வரை எல்லோருக்கும் அவர் பெஞ்சு சார்தான்.

ஆலயத்தில் கடைசிப் பெஞ்சு என்பது சாதாரண இடமில்லை. பிரசங்கம் நீளும்போது சத்தமில்லாமல் நழுவி, நல்ல நெய்மீன் தீருமுன் சந்தைக்குப் போய்ச் சேர வசதியான ஆசனம். சார் காலையிலேயே வந்து அதில் வெள்ளைத் துணி விரித்துவிடுவார். கேட்டால், ராகம் போட்டவர்கள் உட்காரும் இடம் என்பார். நாம் பாடும் பாட்டுகளுக்கு ராகம் போட்ட அத்தனை பேரும், ஜெர்மனியோ இங்கிலாந்தோ, எந்த நாட்டில் எந்தக் காலத்தில் செத்திருந்தாலும், ஒழுங்காகப் பாடுகிறோமா என்று பார்க்க ஞாயிறுதோறும் வந்துவிடுவார்களாம்.

சபைச் செயலாளர் ஒருமுறை கால் வலி என்று அதில் உட்கார்ந்துவிட்டார். சார் வாசிப்பை நிறுத்திவிட்டு நேரே அவரிடம் போனார்.

“கொஞ்சம் நீங்கி இரும் வேய். ஜெர்மன்காரருக்க மடியிலயாக்கும் இருக்கீரு.”

செயலாளர் எழுந்துவிட்டார். எழுந்ததோடு விடாமல், காலி இடத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டார்.

ஆராதனை முடிந்ததும் சார் அந்தப் பெஞ்சின் முன்னால் போய் நின்று, இன்றைக்குத் தெனோர்க்காரன் மூன்றாம் வரியில் சறுக்கிவிட்டான், மன்னிக்கணும் என்று பணிவாகச் சொல்வார். பாடகர் குழுவில் தெனோர் என்னும் ஆண்களின் மேல்குரலைப் பாடும் அந்தத் தெனோர்க்காரன் நான்தான். ஆளில்லாத பெஞ்சுக்குப் பயந்து வாரம் முழுக்கக் குளியலறையில் பாடிப் பழகியிருக்கிறேன்.

சாரும் சறுக்காதவர் இல்லை. எங்கள் பாமாலைப் புத்தகத்தில், வரிகளின் அளவு ஒத்திருந்தால் ஒரு பாட்டை இன்னொரு பாட்டின் ராகத்தில் பாடலாம். அந்தத் தைரியத்தில் ஒரு கல்யாணப் பாட்டுக்கு சாவு வீட்டு அடக்க ஆராதனையின் ராகத்தை எடுத்து வாசித்துவிட்டார். மாப்பிள்ளை முகம் வெளிறியது. பெண்ணின் அம்மா தாலி கட்டுமுன்பே அழத் தொடங்கிவிட்டார். அளவு சரியாகத்தானே இருந்தது என்று சார் கடைசிவரை வாதாடினார்.

அப்படிப்பட்டவர் சொந்தமாக ஒரே ஒரு ராகம் போட்டு வைத்திருந்தார். வருஷக்கணக்காக அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். பாடகர் குழுவுக்கு மட்டும் அது தெரியும். நீங்களும் அந்தப் பெஞ்சில் உட்காரலாமே என்று ஒருநாள் கேட்டேன்.

“போட்டா மட்டும் போராது மக்கா. போட்டவன் கை எடுத்த பொறவும் சனம் பாடணும். அப்பந்தான் அது ராகம்.” உடனே, “பாடாமப் போச்சுன்னா?” என்று என்னையே கேட்டார். ஜெர்மன்காரருக்கே பரிந்து பேசிய மனுஷன் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

அந்த வருஷம், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகைக்குக் கமிட்டியோடு மல்லுக்கட்டி, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய நன்றிப் பாட்டைச் சாரின் ராகத்தில் பாட அனுமதி வாங்கினோம். வாழைக்குலையும் சேனைக்கிழங்கும் குவிந்து கிடந்த பீடத்தின் அருகே நின்று முதல் சரணத்தை நாங்கள் மட்டும் பாடினோம். சபை புத்தகத்தையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. இரண்டாவதில் சில பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவது தொடங்கியதும் சார் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பாட்டு ஒரு நொடி தள்ளாடியது. முன்வரிசைப் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஆண்கள் கீழ்க்குரலில் வந்து சேர்ந்தார்கள். பிறகு மொத்த ஆலயமும் எழுந்து நின்று பாடியது. அத்தனை வருஷம் அங்கே பாடியும் அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. மீனுக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டியவர்கள்கூட அதைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள்.

சார் நடுவழியாகப் பைய நடந்து போய், கடைசிப் பெஞ்சின் ஓரத்தில், மற்றவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒடுங்கி உட்கார்ந்தார்.

பிறகு சாரும் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வெள்ளைத் துணியை இப்போது செயலாளர்தான் விரிக்கிறார். போன ஞாயிறு சாரின் ராகத்தைப் பாடினோம். மூன்றாம் வரியில் நான் மறுபடியும் சறுக்கிவிட்டேன். எல்லோரும் வெளியே போனபின் அந்தப் பெஞ்சின் முன்னால் போய் நின்றேன்.

“மன்னிக்கணும் சாரே. அடுத்த தடவ சரியாப் பாடுதேன்.”