அமைச்சர் நலம் விசாரிக்க வந்த திருநாள்

பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன பிள்ளைகளை மறந்துவிடும் நன்றிகெட்ட நாடுகள் உலகில் உண்டு. அயர்லாந்து அப்படியல்ல. ஆண்டுதோறும் மார்ச்சில் வரும் புனித பாட்ரிக் திருநாளன்று அமைச்சரவையே பெட்டி கட்டி விமானம் ஏறி, பிள்ளைகள் எங்கெங்கே இருக்கிறார்களோ அங்கெல்லாம் போய் ‘சௌக்கியமா?’ என்று கேட்டுவிட்டு வருகிறது. இப்படியொரு பாசத்தை வேறு எங்கே பார்க்க முடியும்?

இந்த வருஷம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் குடியேறிய அயர்லாந்துக் கிளேர் மாவட்டத்தாரின் சங்கத்துக்கு வாய்த்தவர் வீட்டுவசதித் துணை அமைச்சர் கோர்மக் ஹனராட்டி. போன வருஷம் வந்தவர் மீன்வளத் துறை. ஆகவே இது சங்கத்துக்குப் ‘பதவி உயர்வு’ என்று செயற்குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தலைவர் மாலக்கி டூலிக்குக் கால் தரையில் பாவவில்லை. அயர்லாந்தின் நிறமாயிற்றே என்று சுவரெல்லாம் பச்சைத் தோரணம், பீரிலும் பச்சைச் சாயம். விருந்துக்கு வைத்த முட்டைக்கோஸ் மட்டும் வேக வேக வெளுத்துப் போனது. அது செயற்குழுவின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது.

அமைச்சரின் கோட்டில், நாட்டுச் சின்னமான ஷாம்ராக் என்ற மூவிலைக் கொத்தைக் குத்திவிடும் ‘வரலாற்றுப் பொறுப்பு’ டெர்வ்லாவுக்கு. ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊரான என்னிஸுக்கே திரும்பிவிட அவளும் புருஷனும் தவியாய்த் தவித்தார்கள். மகளை அங்கேதான் பள்ளியில் சேர்க்க வேண்டும். வேலைகூடக் கிடைத்துவிட்டது, குடியிருக்க வீடுதான் கிடைக்கவில்லை.

“இந்தா பாரு புள்ள. குத்துறே, சிரிக்கிறே, ‘நாங்க இங்க சௌக்கியமா இருக்கோம்’ங்கறே, எறங்கிடறே. அவ்வளவுதான்,” என்றார் மாலக்கி.

“சௌக்கியமா இல்லியே தலைவரே.”

“அது உன் சொந்த விஷயம். இது சங்கத்து விஷயம்.”

அமைச்சர் மேடையேறினார். “வெண்ணெய் ஏத்துமதி பண்றோம், மாட்டுக்கறி ஏத்துமதி பண்றோம். ஆனா எதுவுமே உங்களுக்கு ஈடாகுமா!”

ஏற்றுமதியானவர்கள் கண் கலங்கிக் கைதட்டினார்கள்.

இலைக்கொத்தோடு போன டெர்வ்லா மைக்குக்கு முன்னால் நின்றாள். “சார், நான் நர்ஸு. எங்க வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறாரு. செப்டம்பர்ல பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்கணும். வாடகைக்குக்கூட அங்க ஒரு வீடு கிடைக்கல. நாங்க எப்பதான் சார் ஊருக்குத் திரும்புறது?”

மாலக்கி பதறிப்போய், உடனே வாசிக்கச் சொல்லி மேடையோரத்து அக்கார்டியன் வாத்தியக்காரருக்குக் கண்ணைக் காட்டினார். அவர் வாய் நிறையப் பன்றிக்கறியோடு உட்கார்ந்திருந்தார்.

அமைச்சர் பழுத்த அனுபவசாலி. கொஞ்சமும் அசரவில்லை. அவள் தோளில் கை வைத்து, கூட்டத்தைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்:

“என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? நீங்கல்லாம் கிளம்பி வந்துட்டீங்கன்னா, அடுத்த மார்ச்சுல நான் எங்க போறது?”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மாலக்கிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டெர்வ்லாவுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. இலைக்கொத்தை நேராகக் குத்தி, கோட்டையும் ஒருமுறை நீவிவிட்டாள்.

“உங்க வீட்டுக்குப் போங்க சார். உங்களுக்குத்தான் அங்க ஒண்ணு இருக்கே.”