அத்தை கொண்டுவந்த செவ்வந்தி

பூ என்பது பூ. அதைத் தலையில் வைத்தால் தலையில் பூ இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் ஒரு மண்ணும் கிடையாது என்று எந்த மேடையில் ஏறியும் வாதாட நான் தயார். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் தட்டோடு வந்து ஒருத்தியின் தலையில் சரத்திலிருந்து கிள்ளிய ஒரு கண்ணி பூவை வைத்துவிட்டால் முடிந்தது கதை. கல்யாணம் உறுதி. அவளுக்குச் சம்மதமா என்று கேட்கவேண்டாம், அவள் விழித்திருந்தாளா என்றாவது கேட்கிறார்களா?

இவ்வளவு கோபம் எதற்கு என்றால், அந்தத் தலை என்னுடைய தலை.

மதுரையில் விடுதியில் தங்கி முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை ராஜபாளையம் வந்து பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, அப்பா அறிவித்தார்.

"ஏட்டி வெங்கடேஸ்வரி, நல்ல நேரத்துல வந்த. நாளைக்கு எங்க கல்யாண நாளு!"

எங்கள் வீட்டில் கல்யாண நாள் என்று ஒன்றைக் கொண்டாடியதே கிடையாது. அது எந்த மாதம் என்றுகூட எனக்குத் தெரியாது. மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் அப்பாவுக்கு ஷிப்ட் மாறும் நேரம் தெரியும், சம்பள நாள் தெரியும். மற்றபடி தேதிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

"ஒங்கம்மாவுக்குப் பரிசு! ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து எங்கக்கா கொண்டு வாரா. செவ்வந்திப் பூவு!"

அம்மா கனகலட்சுமி அடுப்படியிலிருந்து தலையை நீட்டினாள். "நாளைக்கா?" என்றாள். அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். "சரி" என்று உள்ளே போய்விட்டாள்.

"புருசன் பூ தாரான்னா ஒரு சிரிப்பு வருதா பாரு" என்று அப்பா என்னிடம் குறைப்பட்டார்.

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அப்பா போனில் ரகசியம் பேசிக்கொண்டிருந்தார். மில் இரைச்சலில் பழகிய தொண்டை அது. அவர் ரகசியம் இரண்டு தெரு தாண்டிக் கேட்கும்.

"மல்லி வேணாங்க்கா. மல்லிப் பூவப் பாத்தா கனகலட்சுமி மோப்பம் புடிச்சிருவா. செவ்வந்தின்னா சந்தேகமே வராது. பரிசுன்னு நீட்டு. அப்படியே ஒரு கண்ணியக் கிள்ளி எம்மவ தலையில வச்சிரு. வச்ச பொறவு அவளால என்ன செய்ய முடியும்? வல்லரசுக்குத் தையில லீவு. தையிலயே முடிச்சிருவோம்."

வல்லரசு அத்தை மகன். ராணுவத்தில் இருக்கிறான். நல்லவன்தான். நாட்டைக் காக்கட்டும், யார் வேண்டாம் என்றது? எனக்குச் சித்திரையில் கடைசிப் பரீட்சை. தையில் தாலி ஏறினால் என் படிப்பு அத்தோடு பரணில் ஏறும். பெரிய மாமா மகளுக்கு அப்படித்தான் ஏறியது.

கீழே ஓடினேன். அம்மா கூடத்தில் ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவரில் மாட்டியிருந்த படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சதிம்மா! நாளைக்கு அத்த எனக்குப் பூ வைக்கப் போறாங்க! பரிசும் இல்ல, ஒரு வெங்காயமும் இல்ல!"

"சத்தம் போடாத. அந்த ஈரத் துணியப் புழிஞ்சு குடு."

"நான் என்ன சொல்றேன், நீ என்ன செய்யுற?"

"தூசி எம்புட்டு இருக்கு பாரு."

அங்கே மூன்று படங்கள். அப்பாவைப் பெற்ற அம்மா, அப்பா. இருவருக்கும் நடுவில் சுல்தான். சுல்தான் எங்கள் ராஜபாளையம் நாய். அத்தை குட்டியாகக் கொடுத்தது. செத்துச் சில வருஷம் ஆகிறது. அப்பா தவறாமல் நினைவு வைத்திருக்கும் நாள் அது ஒன்றுதான். ஆவணி மாதம் அந்த நாள் வந்தால் முட்டை அவித்துப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

"நாளைக்கு அத்தகிட்ட நேராவே கேக்கப் போறேன். ஒரு பெண்ணோட சம்மதம் இல்லாம..."

"நீ வாயத் தொறந்தா அவியளுக்குத்தான் லாபம். புள்ள எதுத்துப் பேசுதா, இன்னும் விட்டுவச்சா கெட்டுப்போவும்னு தையக் கார்த்திகைக்கே கொண்டாந்துருவாவ." அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "நாளைக்கு ஒனக்கு ஒரே வேலதான். செவத்தோட சாஞ்சு நில்லு. தலையக் குடுக்காத."

இது ஒரு திட்டமா? பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கியவளுக்குச் சுவரோடு சாய்கிற வேலை! இரவெல்லாம் வாதங்களை அடுக்கினேன். தூக்கம் வரவில்லை.

காலையில் வீடெல்லாம் கருவாட்டு வாசம். அப்பா பதறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார்.

"ஏ கனகு, இன்னைக்குப் போயி கருவாட்டுக் கொழம்பா வைப்ப?"

"ஏன், இன்னைக்கு என்ன? கல்யாண நாளுதான? நமக்குக் கருவாடு ஆகாதா?"

நல்ல காரியம் நடக்கப்போகிற வீடு என்று சொல்ல முடியுமா? அப்பா வெளியே வந்துவிட்டார்.

ஆவுடையம்மாள் அத்தை வந்து இறங்கினாள். கையில் தட்டு. சேலை, தேங்காய், பால்கோவா, நடுவில் வாழையிலையில் சுருட்டி வைத்த மஞ்சள் செவ்வந்திச் சரம்.

"பாத்தியா கனகு, கல்யாண நாளுன்னு அக்கா எம்புட்டு ஆசையா வந்திருக்கா!" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அத்தை நின்றுவிட்டாள். "ஏலே இசக்கிமுத்து, ஒனக்கு ஞாபகம் இருக்காலே?"

"இல்லாம பின்ன?"

அத்தைக்குக் கண் கலங்கியது. அடேயப்பா, என்ன நடிப்பு என்று பல்லைக் கடித்தேன். சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

"ஏ கனகு, அதுல ஒரு கண்ணி கிள்ளிக் குடு. மருமவ தலை மொட்டையா இருக்கு, வச்சு விடுதேன்."

"அதுக்கென்ன மதினி. பெரியவியளுக்குப் போட்டுட்டு வாரேன்."

சொல்லி முடிக்கும் முன் அம்மா ஸ்டூல் மேல் இருந்தாள். சரத்தைச் சரிபாதியாக அறுத்தாள். "அத்தைக்குச் செவ்வந்தின்னா உசிரு" என்று தன் மாமியார் படத்துக்கு ஒரு பாதி. "மாமாவ விட்டா கோவிச்சுக்கிடுவாவ" என்று மாமனார் படத்துக்கு மறுபாதி.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சாமி படமென்றால் பிரசாதம் என்று உருவியெடுத்து என் தலையில் வைத்துவிடலாம். போய்ச் சேர்ந்தவர்கள் படத்தில் ஏறிய பூவை எந்தப் பெண்ணின் தலையில் வைப்பது? எடுங்கள் என்று சொல்வதற்கும் வழியில்லை. அப்பாவுக்கும் அது பெற்ற தாய், அத்தைக்கும் அது பெற்ற தாய்.

அத்தை அசரவில்லை. தன் பைக்குள் கையை விட்டாள். அதில் தனியாக ஒரு கண்ணி! பூவைப் பிடித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். எனக்குப் பின்னால் சுவர். அடுக்கி வைத்த வாதம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கை என் காதருகே வந்துவிட்டது.

"மதினி, சுல்தானப் பாருங்க" என்றாள் அம்மா. "ரெண்டு பக்கமும் பூவு. நடுவுல அது மட்டும் வெறும் படமா நிக்கி. அது செத்தப்ப இவிய சோறு தண்ணியில்லாம கெடந்தது ஒங்களுக்குத் தெரியும்லா?"

அத்தையின் கை அந்தரத்தில் நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுல்தானைப் பார்த்தார். மகளா, நாயா என்று அந்த மனிதர் பட்ட பாடு!

"நான் குடுத்த குட்டில்லா..." என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள். பூ சுல்தான் மேல் ஏறியது.

"நான் ஓடிப் போயி வேற பூ..." என்று அப்பா செருப்பைத் தேடினார்.

"எதுக்குங்கேன்? அத்தைக்குப் புடிச்ச கருவாட்டுக் கொழம்பு வச்சு எலை போட்டாச்சு. செத்தவியளுக்குப் படையல் வைக்கிற அன்னைக்கு இந்த வீட்டுல வேற என்ன விசேசம்?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை அப்பாவைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார் அப்பா.

சாப்பிட்டு முடித்து அத்தை கிளம்பும்போது அம்மா பீரோவிலிருந்து ஒரு புதுச் சேலையை எடுத்து வந்து நீட்டினாள்.

"வாங்கிக்கோங்க மதினி. இன்னைக்கு ஒங்க கல்யாண நாளுல்லா."

அத்தை பொலபொலவென்று அழுதுவிட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கே ஞாபகம் இல்ல கனகு! தம்பி வாசல்லயே சொன்னான், நீ சேலையே எடுத்து வச்சிருக்க!" என்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். "ஏலே, இப்படிப்பட்டவளுக்குத் தெரியாம ஒரு காரியம் செய்யச் சொன்னியே! புள்ள படிச்சு முடிக்கட்டும்லே. நீ எதுக்குக் கெடந்து பறக்க?"

ஆட்டோ போனது. அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு, அவர் வாழ்க்கையிலேயே மெதுவான குரலில் கேட்டார்.

"கனகு... அப்ப நம்ம கல்யாண நாளு எப்ப?"

அம்மா காலித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோக்கில் சொன்னாள்.

"ஆவணியில சுல்தானுக்கு முட்டை அவிச்சு வைக்கியள்லா, அன்னைக்குத்தான்."