நான்கு தரம் ‘பயப்பட வேண்டாம்’

எனக்கு நல்ல குரல் என்று எனக்கே தெரியும். என் வியாதியே அதுதான். காஞ்சிபுரம் தெருக்களில் ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு, பட்டுப்புடவைத் தள்ளுபடிக்குக் கூவுகிற தொழில். (விசிட்டிங் கார்டில் ‘அறிவிப்பாளர்’ என்று போட்டிருந்தேன். வாங்கிப் பார்த்த யாரும் சிரிக்காமல் இருந்ததில்லை.)

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை செல்வி நர்ஸ் வேலையில் சேர்ந்தாள். எங்கள் தெரு பால்வாடியில் நடக்கவிருந்த தடுப்பூசி முகாம்தான் அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் முகாம். பக்கத்துத் தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை. ஒரு குழந்தைகூட விட்டுப்போகக் கூடாதே என்று தவித்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள்: ‘நாளைக் காலை பத்து மணிக்குப் பால்வாடியில் தடுப்பூசி. அட்டையை எடுத்துக்கொண்டு வாருங்கள்.’

“இத அப்படியே படிண்ணா, போதும்.”

அப்படியே படிப்பதா? உப்புச் சப்பில்லாத இந்த இரண்டு வரிக்கு என் குரல் எதற்கு? கொஞ்சம் மெருகேற்றினேன்.

“அன்பார்ந்த தாய்மார்களே! பயப்பட வேண்டாம்! ஊசியால் எந்த ஆபத்தும் இல்லை! வதந்திகளை நம்பாதீர்கள்! மீண்டும் சொல்கிறோம், பயப்பட வேண்டாம்!”

தறிச் சத்தம் ஒவ்வொரு வீடாக நின்றது. வாசலுக்கு வந்த பெண்கள் பிள்ளைகளை வாரித் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். என் குரலில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து, இன்னொரு சுற்றும் வந்தேன்.

மறுநாள் பன்னிரண்டு மணி வரைக்கும் பால்வாடிக்கு வந்தது ஒரு ஆடு மட்டும்தான். செல்வி மருந்து வைத்த ஐஸ் பெட்டியின் பக்கத்தில் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள்.

“ஊசிக்குக் கூப்புடச் சொன்னா, புயல் வருதுன்ற மாதிரி கூவிக்கினு போயிருக்கிற. என்னாண்ணா இது?”

எங்கள் ஒன்பது மாதப் பாப்பாவையாவது கொண்டுவந்து அவள் மானத்தைக் காப்பாற்றலாம் என்று வீட்டுக்கு ஓடினேன். பூட்டு தொங்கியது. என் மனைவி கலா குழந்தையோடு வாலாஜாபாத்துக்கு, அம்மா வீட்டுக்கு, பஸ் ஏறிவிட்டாள்.

“கூவினது நான்தானேமா?” என்றேன் போனில்.

“அதாங்க பயம். வெறும் ஊசின்னா போட்டுக்கினு வந்திருப்பேன். நீங்க நாலு தரம் பயப்பட வேண்டாம்னு சொன்னீங்க. புடவைக்கு என்னிக்காவது அப்படிச் சொல்லியிருக்கீங்களா?”

காய்ச்சலில் கிடக்கும் அந்த இரண்டு பிள்ளைகளை நினைத்தபோது, முதல்முறையாக என் குரல்மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

முகாமை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம் அதே ஆட்டோ. செல்வி பக்கத்திலேயே உட்கார்ந்து, சீட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை கூடுதலாக வந்தாலும் தொடையில் கிள்ளு. (இரண்டு வாங்கினேன்.) கலாவுக்கும் போனில் அதையே படித்தேன். “சரிங்க, வரேன்” என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் பத்து மணிக்கு வரிசை தெருமுனை வரை நின்றது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்த கலா, என்னைத் திரும்பியும் பார்க்காமல் பாப்பாவின் கையை நீட்டினாள். பாப்பா வீறிட்டு அழுதது. செல்விக்கும் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குத் தனி மதிப்பு. சிலிண்டர் மாற்றும்போது “பயப்படாத” என்று நான் சொன்னால், கலா தெருவில் போய் நிற்கிறாள். போன வாரம், இப்போது நாலாவது படிக்கும் பாப்பா, ரேங்க் கார்டை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

“பயப்படாதப்பா.”

“எந்தப் பாடம்?” என்று மட்டும் கேட்டேன்.